பதினைந்து டின் வெள்ளை

ஒரு மனைவியின் விலை பத்தொன்பது மணி நாற்பது நிமிடம் என்று வான்பயிற்சிக் கழகத்தின் கணக்கர் கூட்டிக் கழித்து வைத்திருந்தார்.

பணமாக அல்ல, பறக்கும் நேரமாக.

"உங்க பேர்ல மொத்தம் அறுபது மணி நேரம் வரவு இருந்துச்சு. உங்க வீட்டம்மா பறந்தது நாப்பது மணி இருபது நிமிஷம். மீதி உங்களுக்குச் சேர வேண்டியது" என்றார் கணக்கர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நாப்பது மணி இருபதுலயே, கடைசிப் பயணத்துக்கு ஏறின கட்டணமா பத்து நிமிஷம் மட்டும் பிடிச்சிருக்கோம். இறங்கின கட்டணம் பிடிக்கல. ஏன்னா..." சொல்லைத் தேடினார். "முறைப்படி இறங்கல."

யாரிடமும் ஒரு நிமிடம்கூட அநியாயமாகப் பிடித்தம் செய்ததில்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

எதிரே பெயிண்ட்காரர் உட்கார்ந்திருந்தார். விமானத் தளத்துக்குப் போகும் சாலையில் முப்பது வருடமாகப் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பெயிண்ட்காரர்தான். ஆணி வாங்கப் போனால்கூட, "தலை பெருசா இருக்கே, தலைக்கு எடை கழிச்சுக்குங்க" என்று கேட்கிற ஆள். எந்த விலைக்கும் எதிர்விலை நாக்கு நுனியில் வைத்திருப்பவர். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவருக்கு எதிர்விலை வரவில்லை.

பக்கத்தில் நின்ற மச்சானுக்கு வந்தது. "காசா குடுக்க மாட்டீங்களா?"

"நேரமா வந்தது நேரமாத்தான் போகும். ஐயா விரும்பினா அவரே வந்து பறக்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள. அப்புறம் காலாவதி."

"எங்க அக்கா காலாவதியாகி ஒரு மாசம் ஆச்சுய்யா."

கணக்கர் அதற்கு அனுதாபமாகத் தலையசைத்துவிட்டு, விசாரணை அறிக்கையின் பிரதியை நீட்டினார். ஒரே பக்கம். அதில் கடைசி இரண்டு வரிகளைப் பெயிண்ட்காரர் படித்தார். *காரணம்: சக்கரத்தை இறக்காமல் தரையிறங்கியது. மூலகாரணம்: விமானியின் மறதி.*

இன்னொரு தடவை படித்தார். பிறகு விரலை அந்தக் கடைசிச் சொல்லின்மேல் வைத்து, கடையில் தப்பு நிறம் கொண்டுவந்த பையனிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "இது வேணாம். இதை மாத்துங்க."

"அச்சாகிடுச்சே" என்றார் கணக்கர்.

அவருக்கு நேரம் வேண்டாம், காசும் வேண்டாம். அந்த ஒரு சொல் போனால் போதும். உலகத்தில் யாரை வேண்டுமானாலும் மறதிக்காரர் என்று சொல்லட்டும், அவளைச் சொல்லக் கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தில் அவருக்கும் பங்கு இருந்தது.

*

சின்ன விமானங்களில் சில, ஏறியதும் சக்கரத்தை வயிற்றுக்குள் மடக்கிக்கொள்ளும். இறங்கும்போது ஓட்டுகிறவர் ஞாபகமாக அதைக் கீழே இறக்க வேண்டும். ஞாபகம் இல்லாதவர் வயிற்றாலேயே இறங்குவார். தீப்பொறி பறக்கும், முன்னால் சுற்றும் விசிறி தரையில் அடித்து வளையும், வயிறு தேயும். ஓட்டியவர் கதவைத் திறந்து, நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். ஆளுக்கு ஒரு கீறல் இருக்காது. மானத்துக்குத்தான் கொஞ்சம் சேதம். அந்தச் சேதத்துக்குத்தான் பெயிண்ட்.

நான்கு வருடத்துக்கு முன்பு கழகத்தின் மெக்கானிக் கடைக்கு வந்தான்.

"அண்ணே, வெள்ளை வேணும். புது வெள்ளை இல்ல, பழைய வெள்ளை."

"பழைய வெள்ளைன்னா அழுக்கு."

"அதான் வேணும். பக்கத்துல இருக்கற வெள்ளையோட ஒட்டிக்கணும். பூசினதே தெரியக் கூடாது."

நிறம் சேர்ப்பதில் பெயிண்ட்காரருக்கு ஒரு கர்வம் உண்டு. வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு கறுப்பு, ஊசி முனையில் நீலம். கலக்கிக் காட்டினார். மெக்கானிக் கொண்டுவந்த தகரத் துண்டின்மேல் தடவியதும் கோடு மறைந்துவிட்டது.

"கீறல் எங்க இருந்துச்சுன்னு பெத்தவனுக்கே தெரியாது. பொறுப்பு என்னுது" என்றார்.

விலை பேசினார்கள். பெயிண்ட்காரர் ஒன்று சொன்னார். மெக்கானிக் சரி என்றான். பெயிண்ட்காரருக்குப் பகீரென்றது. பேரம் பேசாமல் சரி என்று சொல்கிற வாடிக்கையாளரைக் கண்டால் வியாபாரி பயப்படுவான். இன்னும் கேட்டிருக்கலாமே என்று ஒரு பயம், சரக்கோடு வேறு எதையோ சேர்த்து வாங்குகிறானே என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம்தான் சரி. விமான பெயிண்டை அதற்கென்று இருக்கும் கம்பெனியில் வாங்கினால், எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். இந்தக் கடையில் கேட்க மாட்டார்கள். டின் விலையில் கடைக்காரரின் வாயும் அடக்கம்.

கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்கினாள்.

"காசு வேணாம். டின்னுக்கு நாலு மணி நேரம் என்னைப் பறக்க விடுங்க."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது. கடை மாடியில் துணி எடுக்கப் போனால் அரை மணி நேரம் வர மாட்டாள். தலைக்கு மேலே போகிற ஒவ்வொரு விமானத்துக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, கடைசியில் கழுத்து வலி என்று தைலம் கேட்பாள்.

"ஏங்க, நீங்க டின்னு குடுக்கறீங்க. அவங்ககிட்ட விமானம் இருக்கு. இதுல யாருக்கு நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டம் தெரியவில்லை. கை குலுக்கினார்கள்.

அவள் கற்றுக்கொண்ட விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சக்கரம் சரியாக இறங்கிவிட்டால் விமானத்துக்குள் மூன்று பச்சை விளக்கு எரியும். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். கழகத்தில் எல்லோரும் அதை ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். அவள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், "சக்கரம் கீழே, மூணு பச்சை." கட்டிலில் சாய்வதற்கு முன்னால், "மூணு பச்சை." கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி வைக்கும்போதும் அதேதான்.

"பாத்திரத்துக்கு ஏதுடி சக்கரம்?"

"பழக்கம்னா எல்லாத்துக்கும் இருக்கணும். இல்லன்னா உங்க வாடிக்கைக்காரங்க மாதிரி வயித்தால இறங்கணும்."

வாடிக்கைக்காரர்கள் நன்றாகவே இறங்கினார்கள். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஆறு தடவை மறந்தார்கள். தடவைக்கு ஒரு டின். செயலாளர் ஒரு தடவை. அவருக்கு மூன்று டின். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்கும் அடிபடலையே?" பெயிண்ட்காரர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "வயித்துல கீறல். அவ்வளவுதான்."

கடைசியில் கழகத்தின் தலைவரே வயிற்றால் இறங்கினார். மூக்கிலிருந்து வால்வரைக்கும் பூசச் சொன்னதால் ஆறு டின். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பெயிண்ட்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரே ஆளு இருபத்துநாலு மணி நேரம் வாங்கிக் குடுத்துட்டாரு! இன்னும் ரெண்டு பேரு மறந்தா உனக்கு லைசென்ஸே வந்துடும்."

அவள் பொய்க்கோபமாக அவர் கையில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு அவளும் சிரித்தாள்.



*

விபத்து நடந்தது ஒரு காலையில். தலைவர் தேய்த்த அதே விமானம். அவள் தனியாக ஏறினாள். சக்கரம் மடங்கிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. திரும்பி வர உயரம் போதாது. முன்னால் உழுத வயல். உழுத மண்ணில் சக்கரத்தோடு இறங்கினால் சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழும், அங்கே வயிற்றால் இறங்குவதுதான் முறை என்று கழகமே பாடம் நடத்தியிருக்கிறது. அவள் பாடப்படி இறங்கினாள். வயலின் எல்லையில் ஒரு வரப்பு இருந்தது. அது பாடத்தில் இல்லை.

ரேடியோவில் அவள் பேசிய கடைசி வார்த்தைகள் பதிவாகியிருந்தன: "ஐயோ, எஞ்சின் நின்னுடுச்சு. முன்னாடி உழுத மண்ணு, அதனால சக்கரத்தை இறக்கல."

இந்தப் பதிவைத்தான் பெயிண்ட்காரர் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டார். அந்த அறைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பலகை. *விபத்தில்லா நாட்கள்* என்று எழுதி, பக்கத்தில் எண். ஒரு பையன் ஏணியில் ஏறி அன்றைய எண்ணை மாட்டிக்கொண்டிருந்தான். நேற்றைவிட ஒன்று அதிகம்.

"ஒரு மாசம் முந்தி எங்க அக்கா செத்தாங்களே. அது?" என்று மச்சான் அண்ணாந்து கேட்டான்.

"அது வேலிக்கு வெளியங்க" என்றான் பையன்.

பாதுகாப்பு அதிகாரி மரியாதையானவர். எழுந்து நின்று வரவேற்றார். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார். மேஜையில் கழகம் வாங்கிய பாதுகாப்புக் கேடயங்களைப் பார்ப்பதற்கு வசதியாக அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"ரேடியோல தெளிவா சொல்லியிருக்கா சார். மறந்து இறக்காம விடல. வேணும்னுதான் இறக்கல."

"கேட்டோம். ரொம்ப வருத்தமா இருந்துச்சு. ஆனா செய்தி 'ஐயோ'ன்னு ஆரம்பிக்குது. அங்கீகரிச்ச சொல் பட்டியல்ல 'ஐயோ' இல்ல. ஆரம்பம் முறைப்படி இல்லன்னா அதுக்குப் பின்னாடி வர்றதெல்லாம் தனிப்பட்ட உரையாடல். அதை நாங்க ஒட்டுக்கேக்கறது நாகரிகம் இல்ல."

மச்சான் எழுந்தான். பெயிண்ட்காரர் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சரி சார். எஞ்சின் ஏன் நின்னுச்சு?"

"எந்த எஞ்சின்?"

"அதுல இருந்ததே ஒரே எஞ்சின்."

"நின்னுதுன்னு அவங்கதான் சொல்றாங்க. அதுவும் தனிப்பட்ட உரையாடல்ல."

"பிரிச்சுப் பாத்தா தெரியும் இல்லையா?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். எத்தனையோ பேருக்கு விளக்கிச் சலித்த ஒரு நல்லாசிரியரின் பெருமூச்சு.

"பாருங்க, விபத்துன்னு எழுதினா எஞ்சினைப் பிரிச்சே ஆகணும். விதி. விசிறி தரையில அடிச்சு எஞ்சின் பட்டுனு நின்னா, உள்ள சுத்தற தண்டுல, கிராங்க்னு சொல்லுவாங்க, அதுல மயிரிழையா விரிசல் விழலாம்னு விதி எழுதினவங்க பயப்படறாங்க. வெளிய ஒண்ணும் தெரியாதாம். எஞ்சின் நல்லாத்தான் ஓடுமாம். ஒரு நாள் திடீர்னு முறியுமாம். இப்படியே பயந்தா கழகம் நடத்த முடியுமா? ஒரு எஞ்சினைப் பிரிச்சு மாட்ட என்ன செலவு தெரியுமா? அதனால ஒரு துணைக்குழு போட்டோம். யாருக்கும் அடிபடாம வயித்தால இறங்கினா அது விபத்து இல்ல, மென்தொடுகைன்னு முடிவாச்சு."

"மென்தொடுகை."

"நல்ல தமிழ். முதல்ல 'வயிற்றுத் தழுவல்'னு வச்சாங்க. பொம்பளைப் பிள்ளைங்களும் படிக்கிற இடம், ஒரு மாதிரி இருக்குன்னு மாத்தினோம். மென்தொடுகைன்னா புது விசிறி, கொஞ்சம் பெயிண்ட். அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா?"

பெயிண்ட்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை இருக்கும்.

"அந்த எஞ்சினைப் பிரிங்க சார். சேதம் உள்ள இருக்கும்."

"சேதம் இருக்குன்னு பதிவு இருந்தாத்தான் பிரிக்க அனுமதி."

"பிரிச்சாத்தானே சேதத்தைப் பதிவு பண்ண முடியும்?"

"அதேதான்" என்றார் அதிகாரி, இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாரே என்ற மகிழ்ச்சியோடு. "தெரியாத சேதத்தை இருக்குன்னு சொன்னா அதுக்குப் பேரு வதந்தி. அது உங்க மனைவி நினைவுக்கு மரியாதை இல்ல."

வெளியே வந்ததும் மச்சான் கேட்டான். "அத்தான், அந்த ஆளு கழுத்தை நெரிக்காம ஏன் என்னைப் பிடிச்சீங்க?"

"அவரு தப்பா ஒண்ணும் சொல்லலடா. நாம நாலு வருஷமா இதே வார்த்தையைத்தான் டின்னுல ஊத்தி வித்தோம்."

*

அடுத்த வாரம் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. பாதுகாப்பு விழா. கழகத்தின் வளர்ச்சிக்குத் துணைநின்ற வணிகர்களைக் கௌரவிக்கிறார்களாம். பட்டியலில் பெட்ரோல் பங்க்காரர், வேலி கட்டியவர், பெயிண்ட்காரர்.

"போகாதீங்க அத்தான். செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு."

"போவோம். சந்தை எங்க கூடுதோ அங்கதான் பேரம்."

மண்டபம் என்று சொன்னது விமானம் நிறுத்தும் கொட்டகைதான். விமானங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் மனைவி கடைசியாக ஓட்டிய விமானத்தின் மிச்சம் ஒரு மூலையில் தார்ப்பாயால் மூடி இருந்தது. தார்ப்பாயின்மேல் பூச்சரம் தொங்கவிட்டிருந்தார்கள். துக்கத்துக்கு அல்ல, அலங்காரத்துக்கு. மேடையிலிருந்து பார்த்தால் அந்த மூலை வெறிச்சென்று தெரிந்ததாம்.

தலைவர் பேசினார். நரைத்த மீசை, தோளில் பட்டை, கேட்கிறவர்களை உட்கார்ந்த இடத்திலேயே நிமிர வைக்கும் குரல்.

"மறதி, மறதின்னு சொல்றாங்க. நானே ஒரு தடவை சக்கரம் இறக்காம இறங்கினேன். மறைக்கல. ஆனா அது மறதியா? என் மனசுல அன்னிக்குக் கழகத்தோட அடுத்த இருபத்தஞ்சு வருஷம் ஓடிக்கிட்டிருந்துச்சு. அவ்வளவு பெரிய சிந்தனை நடுவுல சின்னச் சக்கரத்துக்கு ஏது இடம்?"

கைதட்டல்.

"எச்சரிக்கை மணி அடிக்கலையான்னு கேப்பீங்க. அடிச்சுது. காது கிழிய அடிச்சுது. பக்கத்துல ஒரு முக்கியமான விருந்தாளி. அவரு முன்னாடி என்ன மரியாதைக் குறைவு! மறுநாளே எல்லா விமானத்துலயும் அந்த மணியோட வயரைப் பிடுங்கச் சொல்லிட்டேன். அன்னிலேருந்து இன்னி வரைக்கும் இந்தக் கழகத்துல ஒரே ஒரு எச்சரிக்கைகூட வந்ததில்ல. பாதுகாப்புன்னா இதுதான்!"

பலத்த கைதட்டல். பாதுகாப்பு அதிகாரி எழுந்து நின்று தட்டினார்.

"சமீபத்துல ஒரு பயிற்சி மாணவியை இழந்தோம். உறுப்பினரா இருந்திருந்தா அதை வேற மாதிரி எழுதியிருப்போம். பயிற்சி மாணவிங்கறதால உள்ளதை உள்ளபடி எழுத வேண்டியதாப் போச்சு. வருத்தம்தான். ஆனா அவங்க கணவர் இன்னிக்கு நம்மகூட இருக்காரு. கழகத்தின் வெண்மையைக் காத்தவர்! வாங்க ஐயா."

பெயிண்ட்காரர் மேடையேறினார். கண்ணாடிச் சட்டத்தில் ஒரு வெள்ளைப் பறவை. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, மைக்கை விட்டு நகராமல் நின்றார். கூட்டத்தின் நடுவில் ஒரு விலையைச் சொன்னால் பெரிய மனிதர்களால் இல்லை என்று சொல்ல முடியாது; அந்த வித்தை அவருக்குத் தெரியும்.

"ஐயா, என் கணக்குல பத்தொன்பது மணி நாப்பது நிமிஷம் இருக்குன்னு சொன்னாங்க. எனக்குப் பறக்கத் தெரியாது. அதைக் கழகத்துக்கே திருப்பித் தரேன். அதுக்குப் பதிலா, அந்தத் தார்ப்பாய்க்குக் கீழ இருக்கற எஞ்சினைப் பிரிச்சுக் காட்டுங்க. அவ்வளவு நேரம் போதும்னு உங்க மெக்கானிக் சொல்றான்."

தலைவர் முகத்தில் முதலில் எரிச்சல் வந்தது, பிறகு கணக்கு வந்தது. நேரம் திரும்பக் கிடைக்கிறது. மெக்கானிக்குக்கு எப்படியும் சம்பளம் தருகிறோம். விமானம் எப்படியும் பழைய இரும்பு.

"நல்ல வியாபாரி!" என்று பெயிண்ட்காரரின் முதுகில் தட்டினார். "கழகத்துக்குப் பத்தொன்பது மணி நேரம் நன்கொடை! கைதட்டுங்க!"

தட்டினார்கள். கூட்டத்தில் மச்சான் மட்டும் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

*

மூன்றாம் நாள் கொட்டகையில் மெக்கானிக், பாதுகாப்பு அதிகாரி, பெயிண்ட்காரர், மச்சான். எஞ்சின் பிரிந்து ஒரு பழைய போர்வையின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் கிராங்க், இரண்டாக.

மெக்கானிக் முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினான். பாதிக்கு மேல் கறுத்து, வழவழவென்று இருந்தது. மிச்சம் பளபளவென்று, சர்க்கரைக் கட்டி உடைந்தது மாதிரி.

"பளபளன்னு இருக்கறது அன்னிக்குக் காலைல முறிஞ்சது. கறுப்பு பழசுண்ணே. விரிசல் விழுந்து, எண்ணெய் இறங்கி, உரசி உரசி இப்படி ஆயிருக்கு."

"எவ்வளவு பழசு?"

மெக்கானிக் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி கூரையைப் பார்த்தார்.

"தலைவர் இறங்கின நாளு" என்றான் மெக்கானிக் தரையைப் பார்த்து. "உள்ள பிரிச்சுப் பாக்கட்டான்னு கேட்டேன். பூசினாப் போதும்னாரு. புது விசிறியை மாட்டிட்டு உங்க கடைக்கு வந்தேன். மூணு பிள்ளைக்காரன்ணே நான்."

"ஆறு டின்."

"ஆறு டின்."

பெயிண்ட்காரர் எழுந்து போய்த் தார்ப்பாயை விலக்கினார். வயிற்றுத் தகட்டில் கொஞ்சம் பாக்கி இருந்தது. குனிந்து பார்த்தார். கையால் தடவினார். எது பழைய வெள்ளை, எது தான் கலக்கிய வெள்ளை என்று தேடினார். தகடு மண்ணிலும் வரப்பிலும் அடிபட்டிருந்தும் பூச்சு பெயரவில்லை. கோடு தெரியவில்லை. கலக்கியவருக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் அவர் செய்த ஆகச் சிறந்த வேலை அதுதான்.

தகட்டைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத அழுகையில், மச்சான்கூடக் கிட்டப் போகப் பயந்தான்.

இரண்டு நாள் கழித்துத் திருத்திய அறிக்கை வந்தது. பாதுகாப்பு அதிகாரியே நேரில் கடைக்குக் கொண்டுவந்தார். நல்ல செய்தி என்று வாசலிலேயே சொன்னார்.

"மறதிங்கற வார்த்தையை எடுத்துட்டோம். குழுவே ஒருமனதா எடுத்துச்சு."

பெயிண்ட்காரர் வாங்கிப் படித்தார். *காரணம்: மென்தொடுகை.* அதோடு முடிந்திருந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"அவ பேரு எங்க சார்?"

"மென்தொடுகைல ஓட்டினவங்க பேரு எழுதற வழக்கம் இல்ல. தலைவர் பேரையே எழுதல பாருங்க. அவருக்குக் குடுத்த அதே மரியாதையை உங்க மனைவிக்கும் குடுத்திருக்கோம்."

மச்சான் அறிக்கையைப் பிடுங்கிப் பார்த்தான். "அப்போ அன்னிக்கு அந்த விமானத்துல யாரு இருந்தா?"

"பதிவுப்படி யாரும் இல்ல" என்றார் அதிகாரி ஆறுதலாக. "யாரும் இல்லாததால ஏறின கட்டணமும் பிடிக்க முடியாது. அந்தப் பத்து நிமிஷத்தை உங்க கணக்குல திரும்ப வரவு வச்சாச்சு."

அவர் போன பிறகு, வாசலில் தயங்கி நின்றுகொண்டிருந்த மெக்கானிக் உள்ளே வந்தான். அவரைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணே, அந்த விமானத்தோட வாலும் இடது இறக்கையும் நல்லா இருக்காம். இன்னொண்ணுல மாட்டச் சொல்லிட்டாங்க. நிறம் சேரணும். மென்தொடுகைன்னு எழுதியாச்சு இல்ல... அதனால... வெள்ளை ரெண்டு டின்."

பெயிண்ட்காரரின் முதுகுக்குப் பின்னால் அலமாரி முழுக்க வெள்ளை.

"வெள்ளை இல்லப்பா. தீந்துடுச்சு."

"அண்ணே..."

"இனிமே இங்க வெள்ளை கிடைக்காது. போ."

அவன் போனான். பட்டப்பகல். பெயிண்ட்காரர் கடையின் ஷட்டரை இழுத்துக் கீழே விட்டார். விமானத் தளத்துக்குப் போகிற ஒவ்வொரு வண்டியும் அந்த ஷட்டரைப் பார்த்துக்கொண்டுதான் வளைவில் திரும்பும். ஒரு கறுப்பு டின்னைத் திறந்து, குச்சியால் கலக்கி, நாலங்குல பிரஷை எடுத்தார்.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"கணக்கு முடிக்கறேன்."

"கழகத்துக்காரன் சும்மா இருக்க மாட்டான். கடை போயிடும்."

"பூசி மறைக்கற கடைதானே? போகட்டும்."

மச்சான் உள்ளே போனான். பிறகு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அது ஆடாமல் பிடித்துக்கொண்டான். பெயிண்ட்காரர் ஏறி நின்று மேலிருந்து எழுதிக்கொண்டு வந்தார். சாண் உயரத்துக்கு எழுத்து. போகிற வண்டிகள் வேகம் குறைந்தன, ஒன்றிரண்டு நின்றன.

பயிற்சிக்கு வந்தவர்கள் மறந்தது: வெள்ளை ஆறு டின்.

செயலாளர் மறந்தது: வெள்ளை மூன்று டின்.

தலைவர் மறந்தது: வெள்ளை ஆறு டின்.

என் மனைவி மறந்தது: இல்லை.

தெரிந்தே பூசக் கொடுத்தது: நான்.

அதற்கு நான் வாங்கிக்கொண்டது: அவள் பறந்த நாற்பது மணி இருபது நிமிடம்.

"நாப்பது மணி பத்து நிமிஷம்னுதானே இப்போ அவங்க கணக்கு?" என்றான் மச்சான்.

"கடைசிப் பத்து நிமிஷமும் அவதான் ஓட்டினா."

ஸ்டூலிலிருந்து இறங்கினார். எழுத ஒரு வரிக்கு மட்டும் இடம் இருந்தது. குனிந்து, *பாக்கி* என்று எழுதினார். எதிரே ஒரு எண் போட வேண்டும். பிரஷை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முப்பது வருடத்தில் ஒரு கணக்கையும் அவர் இழுத்தடித்ததில்லை.

பிறகு கறுப்பு பிரஷைத் தின்னரில் போட்டுவிட்டு, மச்சானிடம் கை நீட்டினார்.

"அந்தப் பச்சையை எடு."

பாக்கிக்கு நேராக, ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று பச்சைப் புள்ளி வைத்தார்.